கேத்தில் பாட்டில் வரும் ஆண் குரல்

பாரிஸின் லா சப்பல் தமிழர்களின் கல்யாணங்களில் தாலி கட்டுவதற்கு அடுத்தபடியாகத் தவறாமல் நடக்கும் சடங்கு, கேத்தில் பாட்டு. சோற்றுக்கும் ஐஸ்கிறீமுக்கும் இடையில் வரும். ஒரு பெண், தன்னை விட்டுப் போனவனை நினைத்து, தண்ணீர் கொதிக்க அடுப்பில் வைத்த கேத்தில் இன்னும் சூடாகத்தான் இருக்கிறது என்று பாடுகிறாள். புதுமணத் தம்பதிகளை வாழ்த்துவதற்கு இதைவிடப் பொருத்தமில்லாத பாட்டைத் தேடிப் பிடிப்பது கடினம். ஆனால் பொருத்தம் பார்க்கிற வேலையெல்லாம் சாதகத்தோடு முடிந்துவிடுவதால் பாட்டை யாரும் கேள்வி கேட்பதில்லை.

தண்ணி இன்னும் ஆறேல்லை,
படலை இன்னும் பூட்டேல்லை,
நான் கோவிக்க மாட்டன்,
நீ வந்தால் போதும், வா.

மூன்று சரணங்கள், ஒவ்வொன்றின் முடிவிலும் இந்த நான்கு வரிகள். முதல் இரண்டு தடவையும் பெண்ணே முழுவதையும் பாடிவிடுவாள். மூன்றாம் தடவை, 'நான் கோவிக்க மாட்டன்' என்ற வரிக்கு மட்டும் தாளம் தளரும். இசைக்குழுவிலேயே தடித்த குரல்காரர் முன்னால் வந்து, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல அந்த ஒரு வரியைப் பாடுவார். பிறகு பெண் மறுபடி பிடித்துக்கொள்வாள், முன்னைவிட வேகமாக, சுருதி ஒரு பிடி மேலே ஏறி. அந்த வேகத்தில்தான் மாமன்மார் கதிரையை விட்டு எழும்பி ஆடுவது.

கொஞ்சம் யோசித்தால் இதிலுள்ள விபரீதம் தெரியும். விட்டுப் போனவன் திரும்பி வந்து, காத்திருந்தவளிடம் 'நான் கோவிக்க மாட்டன்' என்கிறான். போனவன் இருந்தவளை மன்னிக்கிறான். இதை ஒருவரும் பிசகாக எடுத்ததில்லை. அந்த இடத்தில் ஆண்கள் கூடுதலாகக் கைதட்டுவதைத்தான் கண்டிருக்கிறேன்.

ஒரே ஒருவர் மட்டும் கைதட்டாமல் இருப்பார். மண்டபத்தின் பின்மூலையில், மிக்ஸருக்குப் பின்னால், காதில் ஒரு பக்கம் மட்டும் ஹெட்போனை வைத்துக்கொண்டு வாசல் பக்கம் பார்த்தபடி இருப்பார். அவர் பெயர் வலன்ரைன்.

காதலர்களுக்கென்று ஒரு நாளையே வைத்திருக்கும் புனிதரின் பெயரைச் சுமந்துகொண்டு ஐம்பது தாண்டியும் கட்டாமல் இருப்பவர். ஆனால் பாரிஸிலும் புறநகரிலும் நடக்கும் தமிழ்க் கல்யாணங்களில் மாப்பிள்ளைமாரைவிட அதிகம் கலந்துகொண்டவர் இவராகத்தான் இருக்கும். வார நாட்களில் கார் து லெஸ்த் ரெயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் சமையல். பச்சை மாட்டிறைச்சியை நுணுக்கி வெங்காயமும் முட்டையும் சேர்க்கிற 'தத்தார்' என்ற பதார்த்தத்துக்கு அவருடைய கையைத் தேடி ஆட்கள் வருவார்கள். தான் அதை ஒருநாளும் நாக்கில் வைத்ததில்லை. பத்ரோன், அதாவது முதலாளி, அவரை 'வாலோந்தான்' என்று கூப்பிடுவார். பதினைந்து வருடத்தில் அவர் அதைத் திருத்தவில்லை. வில்லியே லே பெல் என்ற புறநகரில் ஓர் அறையும் குசினியும். சூரிச்சில் இருக்கிற மச்சான் சொந்தமாகக் கடை போட்டபோது வந்து சேரச் சொல்லிக் கெஞ்சினார். "நேரத்துக்கு வாற ரெயின் எனக்குச் சரிவராது" என்று மறுத்துவிட்டார். உண்மைக் காரணம் வேறு. அது அந்தப் பாட்டில் இருக்கிறது. அதனால் பாட்டின் கதையைச் சொல்லாமல் ஆளின் கதையைச் சொல்ல முடியாது.

பாட்டின் ஊர் அமெரிக்காவின் தென்பகுதி. கோரா லீ ஹேஸ்டிங்ஸ் என்ற கறுப்பினப் பெண் அறுபதுகளில் பாடியது. தேவாலயத்தில் கடவுளிடம் கதறுகிற அதே குரலில் ஒரு மனிதனிடம் கதறினால் அதற்குச் சோல் என்று பெயர். கோரா லீ மெட்டையும் தேவாலயத்திலிருந்தே எடுத்தாள். அவளுடைய பாடகர் குழு ஞாயிறுதோறும் பாடிய ஒரு கீதம் அது. கடவுளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு லொறிச் சாரதியை வைத்தாள். போதகர் அவளைக் குழுவிலிருந்து விலக்கினார். பாட்டு அதற்குள் கடல் தாண்டியிருந்தது.

பிரான்சில் அதை ஒரு பொன்னிறக் கூந்தல்காரி பாடினாள். இங்கே கேத்திலுக்காக யாரும் உருகுவதில்லை என்பதால் அது கோப்பியானது. கொழும்பில் எழுபதுகளில் பொப் இசை ஓங்கியிருந்த நேரம், 'நீல அலைகள்' என்ற குழு அதைத் தமிழாக்கியது. வாசலில் இருந்த விளக்கை வேலிப் படலையாக மாற்றியது அவர்கள்தான். பாடியவளின் பெயர் உறையில் இல்லை. அந்தக் காலத்தில் குழுவின் பெயரைப் போட்டால் போதும். இந்த மூன்றிலும் பாடுவது பெண் மட்டுமே. ஆண் குரல் கிடையாது.

இந்த விடயத்தை வைத்து ரூ காய் என்ற தெருவில் உள்ள ஒரு தேத்தண்ணிக் கடையில் வருடக்கணக்காக வழக்கு நடக்கிறது. ஒரு கட்சி லாசர்: புதுச்சேரிக்காரர், பிரெஞ்சுப் பட்டாளத்திலும் பிறகு தபால் இலாகாவிலும் இருந்து ஓய்வுபெற்றவர். பொன்னிறக் கூந்தல்காரியின் இசைத்தட்டு அவரிடம் இன்னும் இருக்கிறது. மறு கட்சி கிறிஸ்தோப்பர்: இசைக்குழுவின் தலைவர், அந்தக் கிணற்றுக் குரலின் சொந்தக்காரர்.

"கேத்திலெல்லாம் கெடையாது மிசியே. கஃபே! காப்பி இன்னும் சூடா இருக்குன்னுதான் பாட்டு. நான் பட்டாளத்துல இருந்தப்பவே கேட்டுட்டேன்."

"ஐயா, கோப்பிக்கு ஏன் படலை?"

"படலையும் கெடையாது. ஆம்பளயும் கெடையாது."

"ஆம்பிளை இருக்கிறான்! கசெற்றிலை என்ரை காதாலை கேட்டனான். கேத்திலும் இல்லை, படலையும் இல்லை, ஆம்பிளையும் இல்லையெண்டால் உங்கடை ஒரிஜினலிலை என்னதான் ஐயா இருக்கு? வெறும் கோப்பையோ?"

"பாட்டு இருக்கு மிசியே, பாட்டு!"

கிறிஸ்தோப்பர் திரும்பி வலன்ரைனைப் பார்ப்பார். "நீர்தானே சவுண்ட்காரன். நீர் சொல்லும்."

"ரெண்டு பேரும் சரி" என்பார் வலன்ரைன். இதைச் சமாதானத்துக்குச் சொல்கிறார் என்றே எல்லோரும் நினைத்திருந்தோம். அவர் கணக்கில் அது உண்மை. மூலத்தில் ஆண் குரல் இல்லை, கசெற்றில் இருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம். யாழ்ப்பாணத்துக்குள் மின்சாரமும் இல்லை, மண்ணெண்ணெயும் இல்லை, பற்றரி கொண்டுவரத் தடை. பாட்டுக் கேட்க ஆசைப்பட்டவர்கள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுழற்றினார்கள். பின்சில்லோடு உரசுகிற டைனமோவிலிருந்து வயர் போய் கசெற் பிளேயரில் முடியும். ஒருவர் சுழற்ற வீடே கேட்கும். கை தளர்ந்தால் பாடகிக்கு வயது போகும், இன்னும் தளர்ந்தால் அவள் ஆணாகிவிடுவாள், நிறுத்தினால் இறந்துபோவாள்.

நீல அலைகளின் கசெற் வலன்ரைன் வீட்டில் இருந்தது. அடுத்த வளவில், வேலிக்கு அப்பால், கலாவதி இருந்தாள். அவருக்கு இருபத்தொன்று இருபத்திரண்டு, அவளுக்கு இரண்டு வயது குறைவு. அவள் குடும்பம் கடலேரி கடந்து வன்னிப் பக்கம் போக ஆயத்தமாக, அந்தப் பாட்டைப் பிரதி எடுத்துத் தரும்படி வந்து கேட்டாள். மாமன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய ரெக்கோடர் அவளிடம் இருந்தது. வெயிலில் காயவைத்து உயிர் மீட்ட நாலு பற்றரியும் இருந்தது. அந்தப் பற்றரி ரெக்கோடரை மட்டும் இழுக்கும். பிளேயரை வலன்ரைன் இழுக்க வேண்டும். இரண்டு பெட்டியையும் முகத்துக்கு முகம் வைத்து, பதிவு விசையை அழுத்தினார்கள். அறைக்காற்று வழியாகத்தான் பதிவு. அதனால் பாட்டு முடியும்வரை ஒருவரும் வாய் திறக்கக் கூடாது.

இரண்டாம் சரணத்தில் ஒரு காகம் இரண்டு தடவை கரைந்தது. மூன்றாம் சரணத்தில் வலன்ரைனுக்குத் தோள் எரிந்தது. கலாவதி அதைக் கண்டாள். பேச முடியாது. எழும்பி வந்து, பெடலைப் பிடித்திருந்த அவர் கைக்கு மேல் தன் கையை வைத்தாள்.

அந்த ஒரு வரிக்குச் சில்லு தளர்ந்தது. 'நான் கோவிக்க மாட்டன்' என்று பாடகி ஆணாகிப் பாடினாள். பிறகு அவர் கையை எடுக்க, அவள் சுழற்றினாள், அவரைவிட வேகமாக. பாட்டு சுருதி ஏறி, ஓட்டமாக ஓடி முடிந்தது. விசையை நிறுத்தினதும் வெளியே அவள் தாய் கூப்பிட்டாள். "போட்டு வாறன் அண்ணை" என்று கசெற்றை எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் வளவு வெறுமையாக இருந்தது.

வலன்ரைன் முப்பது வருடத்துக்கு மேலாகச் சுமந்துகொண்டு திரிந்தது ஒரு கேள்வியை. அந்தக் கை, இளைத்தவனிடமிருந்து வேலையை வாங்கிக்கொள்ள வைத்த கையா? அல்லது வைத்துவிட்டு, எடுக்க மனமில்லாமல் ஒரு வரி முழுக்க வைத்திருந்த கையா? கேட்டால் சிரிப்பு வரும் என்று தெரிந்தே இதை அவர் ஒருவருக்கும் சொன்னதில்லை. எனக்குச் சொன்னதும் எல்லாம் முடிந்த பிறகுதான்.

பிரான்சுக்கு வந்து சில வருடம் கழித்து, யாரோ ஒருவரின் கல்யாணத்துக்குச் சாப்பிடப் போன இடத்தில் மேடையில் இந்தப் பாட்டு வந்தது. மூன்றாம் சரணத்தில் தாளம் தளர, கிறிஸ்தோப்பர் முன்னால் வந்து கிணற்றுக் குரலில் பாடினார். வலன்ரைனின் கையில் இருந்த ஆட்டிறைச்சிப் பிரட்டல் தட்டோடு மடியில் விழுந்தது. இரண்டாம் சரணத்தில் காகம் கரைந்த இடத்தில் கீபோர்ட்காரர் மாட்டு மணிபோல ஓர் ஒலியை 'டக் டக்' என்று வைத்திருந்தார். அதையும் கவனித்தார். இனிச் சந்தேகமில்லை. அவருடைய தோள் வலியையும் அந்த வளவுக் காகத்தையும் சேர்த்து, தாள லயத்தோடு, பாரிஸில் ஒரு குழு அரங்கேற்றிக்கொண்டிருந்தது.

அடுத்த நாளே கிறிஸ்தோப்பரைப் பிடித்தார். கிறிஸ்தோப்பர் பாட்டைப் படித்தது ரூ காயில் தம்பிராசா விற்ற கலப்புக் கசெற் ஒன்றிலிருந்து. தம்பிராசாவிடம் போனார். கடை அப்போது இருந்தது. இப்போது அதே இடத்தில் புருவம் திருத்துகிறார்கள்.

"ஒரு பிள்ளை கொண்டுவந்து தந்தது" என்றார் தம்பிராசா. "வச்சிருங்கோ அண்ணை, எனக்கு இனி வேண்டாம் எண்டுது. நல்ல பாட்டு, அதுதான் போட்டு வித்தனான். ஏன், ஆர் உமக்கு அது?"

"ஒருத்தருமில்லை. சும்மா."

"சும்மாவோ? மூஞ்சை அப்பிடிச் சொல்லேல்லையே, தம்பி."

அவள் பாரிஸ் வரை வந்திருக்கிறாள் என்பது தெரிந்தது; அத்தோடு விசாரணையை நிறுத்திக்கொண்டார். கலியாணம் கட்டாத ஆம்பிளை, கட்டியிருக்கக்கூடிய ஒரு பெண்ணைப் பெயர் சொல்லிக் கேட்டால், அந்தப் பெயர் அன்று பின்னேரமே லா சப்பல் முழுக்க நடந்து அவள் புருசனின் காதுக்குள் போய் இருந்துவிடும். ஆகவே வலன்ரைன் தேடினார், ஆனால் விசாரிக்கவில்லை. அதற்கும் ஒரு முறை கண்டுபிடித்தார். பாரிஸைச் சுற்றியுள்ள ஈழத்தமிழர் எல்லோரும் என்றைக்காவது ஒரு கல்யாணத்துக்கு வந்துதானே ஆகவேண்டும். சவுண்ட் வேலை பழகிக்கொண்டு கிறிஸ்தோப்பரின் குழுவில் சேர்ந்தார். மிக்ஸரை எப்போதும் வாசல் தெரியும்படி வைத்தார். கேத்தில் பாட்டு தொடங்கும்போது வாசலைப் பார்ப்பார். சூரிச் ரெயிலின் குற்றம் இதுதான்.

அவள் எந்தக் கல்யாணத்துக்கும் வரவில்லை.

போன வருடம் குழுவில் ரூபிகா சேர்ந்தாள். பாரிஸை அடுத்த சன் துனியில் பிறந்த பிள்ளை. நல்ல குரல், தமிழை வாசிக்கத் தெரியாது, லத்தீன் எழுத்தில் எழுதிப் பாடுவாள், எதையும் சரிபார்க்காமல் விடாத ஆள். ஒரு வாரத்துக்குள் இணையத்தில் துழாவி கோரா லீயையும் நீல அலைகளையும் எடுத்துவிட்டாள்.

"மாமா, செ ஃபோ! எல்லாம் பிழை. ஒரிஜினல்ல ஆம்பிளையே இல்லை. ஸ்லோவும் இல்லை. கிறிஸ்தோப்பர் மாமா இவ்வளவு வருசமா இல்லாத ஒண்டைப் பாடுறார்."

"ஓம் பிள்ளை."

"உங்களுக்குத் தெரியுமா? ஏன் சொல்லேல்லை?"

"அவருக்கு அந்த ஒரு வரிதானே பிள்ளை இருக்கு."

ரூபிகா சிரித்தாள், ஆனால் விடவில்லை. மூலத்தில் உள்ளபடி, ஒரே தாளத்தில், தனியாகப் பாடி வீடியோ போட்டாள். அழகாகத்தான் பாடியிருந்தாள். சின்னப் பிள்ளைகள் அதையே பிடித்துக்கொண்டார்கள். அடுத்த கல்யாணத்தில் மணப்பெண்ணே "ரூபிகா பாடின மாதிரி" என்று கேட்டாள். கிறிஸ்தோப்பர் தன் வரியை இழந்து, முகத்தைத் தூக்கிக்கொண்டு, பிரியாணிப் பக்கம் போய் நின்றார். வலன்ரைன் மிக்ஸருக்குப் பின்னால் வெளிறிப்போய் நின்றார். சரியான பாட்டு பரவிவிட்டால், பிழையான பாட்டை வைத்து ஒருவரைத் தேட முடியாது. அந்தக் கை இருந்ததற்கு உலகத்தில் இருந்த ஒரே தடயம் திருத்தப்பட்டுக்கொண்டிருந்தது, அதுவும் நல்ல குரலில்.

ஆனால் வீடியோவுக்குக் கீழே, தம்பிராசாவின் கசெற் போய்ச் சேர்ந்த ஊர்களிலிருந்தெல்லாம் சண்டை தொடங்கியது. 'ஆம்பிளை எங்கை?' என்று ரொறன்ரோவிலிருந்து கேட்டார்கள். 'பாட்டைக் கொலை செய்யாதேங்கோ' என்று ஒஸ்லோவிலிருந்து எழுதினார்கள். ஒரு மத்தியானம், வான் வண்டியிலிருந்து ஸ்பீக்கர் இறக்கிக்கொண்டிருந்தபோது ரூபிகா போனை நீட்டினாள்.

"மாமா, இதைப் பாருங்கோ. இஞ்சை பக்கத்திலை, எபினேல இருந்து ஒரு அன்ரி. இது அவையின்ரை சேர்ச் பாட்டாம். நான் ஆண்டவரின்ரை பாட்டைக் களவெடுத்து உலகப் பாட்டாக்கிப் போட்டனாம்! ப்ரூஃபும் அனுப்பியிருக்கிறா."

ஒரு சபையின் ஆராதனைப் பதிவு. 'வாசல் இன்னும் பூட்டவில்லை' என்று பெண்கள் பாடினார்கள். அதே மெட்டு. இரண்டாம் சரணத்தில், காகம் கரைந்த இடத்தில், சபை முழுவதும் இரண்டு தடவை 'ஆமென், ஆமென்' என்றது. மூன்றாம் சரணத்தில் தாளம் தளர்ந்தது. ஒரு தடித்த ஆண் குரல், ஆண்டவருடைய குரலாக நின்று, 'நான் கோபம் கொள்ள மாட்டேன்' என்று பாடியது. பிறகு பெண்கள் சுருதி ஏறி வேகமாக ஓடினார்கள்.

கோரா லீ தேவாலயத்திலிருந்து திருடிக்கொண்டு போன மெட்டு, நாலு நாடு சுற்றி, எபினேயில் திரும்பவும் தேவாலயத்துக்குள் ஏறியிருந்தது. வலன்ரைனின் தோள் வலி கடவுளின் பொறுமையாகியிருந்தது. இதையெல்லாம் ரசிக்கிற நிலையில் அவர் இல்லை.

"இந்தப் பாட்டை ஆர் கட்டினதாம்?"

"கேட்டனான். கலா அக்கா எண்டு ஒராளாம்."

அடுத்த ஞாயிறு, ஒரு பிள்ளை பெரியவளான சாமத்தியச் சடங்குக்கு ஒத்துக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக வேறு ஆளைப் பிடித்து மிக்ஸரில் நிறுத்தினார். வில்லியே லே பெல்லிலிருந்து சன் துனி வரை ரெயின், பிறகு எபினேக்கு ட்ராம். அவர் வேலைக்குப் போகும் தூரம்கூட இல்லை. இத்தனை வருடமாக மண்டப வாசல்களில் தேடிய ஆள், ஒரு ட்ராம் பாதையின் மறுமுனையில் இருந்திருக்கிறாள்.

சபை ஒரு கார் திருத்தும் இடத்துக்கு மேல்மாடி. ஆராதனை முடியும் நேரம் போய், பின்வரிசையில் இருந்தார். முடிந்ததும் பிளேன்டீயும் ரோல்ஸும் வந்தன. தட்டோடு வந்த பெண் நின்றாள்.

"வலன்ரைன் அண்ணை?"

கண்ணாடி, நரை, கொஞ்சம் உடம்பு. ஆனால் அந்த 'அண்ணை' மாறவே இல்லை. யாழ்ப்பாணத்துப் பெண்கள் பக்கத்து வளவு ஆண்களைக் கூப்பிடுகிற அந்தச் சொல்லில் எதையும் ஒளித்து வைக்கலாம். எதுவும் ஒளித்து வைக்காமலும் இருக்கலாம். வெளியிலிருந்து கண்டுபிடிக்க வழியில்லை.

"இஞ்சையே இருக்கிறியள்? எவ்வளவு காலமா?"

"கனகாலம். நீர் ஒரு கலியாண வீட்டுக்கும் வாறேல்லையே?"

"நாங்கள் ரட்சிக்கப்பட்ட ஆக்கள் அண்ணை. ஆட்டம் பாட்டுக்குப் போறேல்லை. கலியாணமெண்டால் ரெஜிஸ்றேசனுக்குப் போட்டு வந்திடுவம்." பிறகு திரும்பி, "இஞ்சாருங்கோ, சுகந்தன்! எங்கடை ஊராள் வந்திருக்கிறார்" என்று கூப்பிட்டாள்.

சுகந்தன் அவள் கணவர். விமான நிலையத்தில் சாமான் ஏற்றுகிற வேலை, கை கொடுத்தால் நோகும். அவர் "வாங்கோ வாங்கோ" என்றபோது வலன்ரைனுக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆண்டவரின் குரல் அவருடையதுதான்.

"உங்கடை பாட்டு நல்லா இருந்தது" என்றார் வலன்ரைன்.

"அது இவவின்ரை வேலை. என்னைப் பிடிச்சு ஆண்டவரா நிப்பாட்டிப்போட்டா. வீட்டிலை பேச விடுறேல்லை, இஞ்சை மட்டும் ஒரு வரி" என்று சொல்லிவிட்டு, இன்னும் பிளேன்டீ எடுக்கப் போனார்.

கலாவதி தட்டைக் கீழே வைத்தாள்.

"கசெற்றை ரூ காயிலை குடுத்திட்டன் அண்ணை. இஞ்சை சபைக்கு வந்த பிறகு உலகப் பாட்டு வச்சிருக்கக் கூடாது எண்டவை. குடுத்திட்டன், ஆனால் மெட்டு போகேல்லை. அதுதான் சொல்லை மாத்தினன்." மெதுவாகச் சொன்னாள்: "அந்த இடம்... ஆம்பிளைக் குரல் மாதிரி வாற இடம். அதை மட்டும் விடவேயில்லை. எனக்குத் தெரியும் அது என்னெண்டு."

முப்பது வருடக் கேள்விக்கு ரோல்ஸ் வாசத்துக்கு நடுவே பதில் வரப்போகிறது.

"நீங்கள் வேணுமெண்டுதானே மெதுவாச் சுத்தினனீங்கள்? பாட்டு முடியக் கூடாது எண்டு. நான் கண்டனான். கதைக்கேலாது, ரெக்கோட் ஆகுது. பிறகு நீங்கள் பெடலை விட்டிட்டியள். நான் ஓடி வந்து பிடிச்சன். அம்மா கூப்பிடப் போறா எண்ட பயத்திலை கெதியாச் சுத்தி முடிச்சன். பிறகு வன்னியிலை, அந்த இடம் வரேக்கை எல்லாம் நினைப்பன், ஒரு மனிசன் பாட்டு முடியக் கூடாது எண்டு நினைச்சவன் எண்டு." சிரித்தாள். "பிழையா நினைச்சனோ தெரியாது. மெய்தானே அண்ணை?"

அவள் கதையில் கை இல்லை. கைக்கு மேல் கை வைத்ததே இல்லை. அவர் விட்டார், அவள் பிடித்தாள், இடையில் சில்லு தனியாகத் தளர்ந்தது. அவர் கதையில் வேண்டுமென்று எதுவும் இல்லை. தோள் வலி மட்டும்தான். கசெற்றைக் கொண்டுவந்து போட்டாலும் தீர்ப்புக் கிடைக்காது. இரண்டு கதைக்கும் சில்லு ஒரே மாதிரித்தான் தளரும்.

சுகந்தன் இரண்டு கோப்பையோடு வந்துகொண்டிருந்தார்.

"ஓம்" என்றார் வலன்ரைன்.

"எனக்குத் தெரியும்" என்று கலாவதி தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனாள்.

அதற்குப் பிறகு அவர் எபினேக்குப் போகவில்லை. வாசலைப் பார்க்கத் தேவையில்லாததால் கல்யாணங்களையும் விட்டுவிடுவார் என்று எதிர்பார்க்கலாம். விடவில்லை. அவள் எந்த மண்டபத்துக்கும் வரமாட்டாள் என்று திட்டமாகத் தெரிந்த பிறகும் மிக்ஸரை வாசல் தெரியும்படியே வைக்கிறார்.

சென்ற ஞாயிறு மத்தியானம் வில்லியே லே பெல்லில் ஒரு கல்யாணம். நானும் சாப்பிடப் போயிருந்தேன். ரூபிகா கேத்தில் பாட்டைப் பாடினாள், நேராக, சுத்தமாக. மூன்றாம் சரணம் வந்தது. பின்மூலையிலிருந்து ஒரு குரல், நல்ல குரலென்று சொல்ல முடியாது, பரிசோதனைக்கு வைத்திருக்கிற மைக்கில் 'நான் கோவிக்க மாட்டன்' என்றது. மெதுவாக. ரூபிகா திடுக்கிட்டு, வேறு வழியில்லாமல் தாளத்தை விட்டுக் காத்து நின்றாள். பிறகு சிரித்துக்கொண்டு வேகமாகப் பிடித்தாள். மாமன்மார் எழும்பினார்கள். கிறிஸ்தோப்பர் பிரியாணித் தட்டோடு கைதட்டப் பார்த்து முடியாமல் நின்றார்.

"மாமா, அது ஒரிஜினல்ல இல்லை!" என்று இறங்கி வந்து சண்டை பிடித்தாள் ரூபிகா.

"தெரியும் பிள்ளை."

"அப்ப ஏன்?"

"அதை நம்பி இருக்கிற ஆக்கள் இருக்கினம்."

ஆட்கள் போன பிறகுதான் எனக்கு எல்லாவற்றையும் சொன்னார். சன்னல் வழியே வெயில் இன்னும் இருந்தது. சொல்லி முடித்துவிட்டு, நீண்ட கேபிள் ஒன்றை முழங்கையில் சுற்றத் தொடங்கினார்; பாதியில் நிறுத்தினார்.

"அண்ணை, அந்தக் கை இருந்ததுதானே?"

நான் அந்த வளவில் இருந்தவன் இல்லை. அந்தக் காகத்தைக்கூடக் கேட்டதில்லை.

"ஓம்" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு, மீதிக் கேபிளைச் சுற்றினார்.